என் பேரில் ஒரு கணக்கு

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் என் மனைவி டியூட்டிக்குப் போனாள், எங்கள் பெண் பள்ளிக்கூடம் போனாள், நான் பாத்திரம் கழுவினேன். பிறகு கீழே இறங்கி முனைக்கடையில் ஒரு டீ வாங்கினேன். காகிதக் கோப்பை. கடை வாசலில் நின்று முதல் வாய் உறிஞ்சுவதற்குள் போனில் செய்தி: "டீ நல்லா இருக்கா?"

அன்பாகத்தான் கேட்டாள். அவள் கணக்கில் எனக்கும் சேர்த்து ஒரு கார்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நான் அதை எங்கே நீட்டினாலும் அவள் போன் மணி அடிக்கும். ஆஸ்பத்திரி வார்டில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருப்பாள், சட்டைப் பையில் டிங் என்று ஒரு சத்தம். உங்கள் வீட்டுக்காரர் டீ குடிக்கிறார்.

"நல்லா இருக்கு" என்று பதில் போட்டேன். ஷேவிங் பிளேடு ஒரு பாக்கெட் வாங்கலாம் என்றுதான் இறங்கியிருந்தேன். வாங்கவில்லை. வாங்கினால் என்ன சொல்லிவிடப் போகிறாள்? ஒன்றும் சொல்லமாட்டாள். அதனால்தான் வாங்கவில்லையோ என்னவோ.

டிரைவிங் ஸ்கூல் நடத்தினவன் நான். கார் சாவி, ஆபீஸ் சாவி, கல்லாச் சாவி எல்லாம் ஒரே வளையத்தில் இடுப்பில் தொங்கும். நான் வருகிறேன் என்பது நான் வருவதற்கு முன்பே தெருவுக்குத் தெரியும். இங்கே என் லைசென்ஸே செல்லாது. முதலிலிருந்து படித்துப் பரீட்சை எழுத வேண்டுமாம்.

அவள் நர்ஸ் வேலை கிடைத்து மூன்று வருஷத்துக்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்துவிட்டாள். சில மாதங்களில் பெண்ணையும் அழைத்துக்கொண்டாள். என் அம்மா படுத்த படுக்கையாக இருந்ததால் நான் ஊரிலேயே தங்கினேன். அம்மா போனபின் ஸ்கூலைக் கூட்டாளிக்கு விற்றுவிட்டுக் கிளம்பி வந்தேன். வந்து இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. அதற்குள் நாட்குறிப்பு எழுதுகிற ஆளாகிவிட்டேன். வேறு யாரிடம் பேசுவது?

பிப்ரவரி 13, வியாழன்

இன்று முழுக்க வெளியாள் யாரோடும் பேசவில்லை. லிஃப்டில் ஒருவர் ஏதோ சொன்னார். புரியவில்லை. சிரித்துவைத்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மூன்று பேரும் வீட்டில் இருந்த ஒரே நாள். சாப்பிடும்போது அவளும் பெண்ணும் மாடிவீட்டுக் கிழவரைப் பற்றி ஏதோ பேசிச் சிரித்தார்கள். "என்ன, என்ன?" என்றேன். பெண் விளக்கினாள். அந்தக் கிழவர் ஒருநாள் தப்பான மாடியில் இறங்கி, இவர்கள் கதவில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டே இருந்தாராம். நானும் சிரித்தேன். ஆனால் விளக்கியபின் வருகிற சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது. அதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

தட்டைக் கழுவி வைத்தேன். "தேங்க்ஸ் ப்பா. நீங்க வைங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள் பெண். நான் அந்தப் பக்கம் போனதும் கரண்டிகளை எடுத்து வேறு டிராயரில் சத்தமில்லாமல் மாற்றினாள். எல்லாவற்றுக்கும் இந்த வீட்டில் ஒரு இடம் இருக்கிறது.

அவள் அம்மாவை "நீ, வா, போ" என்கிறாள். என்னை "நீங்க" என்கிறாள். கிளம்பி வரும்போது பன்னிரண்டு வயசு. அன்றைக்கு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு "நீ எப்பப்பா வருவே" என்று அழுதவள். இப்போது பதினைந்து. வீட்டுக்கு வந்த பெரியவரிடம் பேசுவது மாதிரி மரியாதையாகப் பேசுகிறாள்.

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

பிப்ரவரி 17, திங்கள்

பேங்குக்குப் போனேன். வீட்டில் சொல்லவில்லை.

டோக்கன் எடுத்து உட்கார்ந்திருந்தேன். கண்ணாடித் தடுப்பு எதுவும் இல்லை. மேஜை போட்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டது கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெண். நல்ல மாதிரி. நான் தட்டுத்தடுமாறிப் பேசும் வரை காத்திருந்தாள். கணக்கு ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்வதை வீட்டிலேயே கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். அதை ஒழுங்காகச் சொன்னேன். அதற்கு அவள் திருப்பிக் கேட்ட கேள்விகளைத்தான் நான் படிக்கவில்லை.

பாஸ்போர்ட் சரி. குடியிருக்கிற இடத்துக்கு என்ன அத்தாட்சி?

வாடகை ஒப்பந்தத்தை நீட்டினேன். அதில் மனைவி பெயர். கரண்ட் பில். அதுவும் அவள் பெயர். என் போன் இணைப்புகூட அவள் எடுத்த குடும்பத் திட்டம். ஸ்கார்ஃப்காரி ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் என் பக்கமே மெதுவாகத் தள்ளினாள். உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அவள் ஒரு வழி சொன்னாள். மனைவியை அழைத்துக்கொண்டு வாருங்கள், அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அவர் கணக்கிலேயே உங்களைச் சேர்த்துவிடலாம், பத்து நிமிஷ வேலை. நன்றி சொல்லி எழுந்தேன். ஸ்கூலில் சேருவதற்குப் பெற்றோரை அழைத்து வா என்று அனுப்பின மாதிரி இருந்தது.

வெளியே மழை. குடை பேங்கிலேயே நின்றுவிட்டது. திரும்ப உள்ளே போகப் பிடிக்காமல் நனைந்துகொண்டே வந்தேன்.

"எங்க போய் நனைஞ்சீங்க?" என்றாள் சாயங்காலம்.

"சும்மா ஒரு நடை."

பிப்ரவரி 19, புதன்

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது எழுத வேண்டும்.

எனக்கு ஊருக்குப் போகணும். அதுக்குத்தான் கணக்கு.

டிக்கெட் எடுக்க வேண்டும். அவள் கார்டில் எடுத்தால் அந்த நிமிஷமே அவளுக்கு மணி அடித்துவிடும். வார்டில் நின்றுகொண்டு, அத்தனை பேர் நடுவில், போனைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற விஷயமா இது? ஊர்க் கணக்கில் என் பணம் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கைத் தொட்டால் பழைய நம்பருக்கு ரகசிய எண் போகிறது. பழைய நம்பர் செத்துப்போய்விட்டது. அதைச் சரிசெய்ய நேரில் வரச் சொல்கிறார்கள். போவதற்குப் பணம் எடுக்க, முதலில் போய்ச் சேர வேண்டும். நல்ல கதை.

கூட்டாளியிடம் கேட்டால் உடனே டிக்கெட் எடுத்து அனுப்புவான். எடுத்த கையோடு ஊர் முழுக்கச் சொல்லியும் விடுவான். ஸ்கூலை விற்ற பணத்தில் அவன் இன்னும் தர வேண்டிய பாக்கியை இங்கே அனுப்பு என்றால் கேள்வி கேட்கமாட்டான். அனுப்புவதற்கு ஒரு கணக்கு வேண்டும். என் பேரில்.

அவள் என்ன குறை வைத்தாள்? ஒன்றுமில்லை. நான் வருவதற்கு முன்பே எனக்கு ஸ்வெட்டர் வாங்கி மடித்து வைத்திருந்தாள். அளவும் சரியாக இருந்தது. அப்புறம் என்னடா உனக்கு?

தெரியலையே. பகலெல்லாம் இந்த ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஃப்ரிட்ஜ் ஓடற சத்தம் நிக்கும்போதுதான் அது ஓடிக்கிட்டு இருந்ததே தெரியுது.

பிப்ரவரி 26, புதன்

நூலகத்தில் புதிதாக வந்தவர்களுக்கு மொழி வகுப்பு நடக்கிறது. பெயரைப் பதிந்தால், சேர்த்துக்கொண்டதற்கு வீட்டு முகவரிக்குக் கடிதம் அனுப்புவார்கள் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தது. அந்தக் கடிதம் முகவரி அத்தாட்சியாகப் பேங்கில் செல்லுமா என்று போனிலேயே ஸ்கார்ஃப்காரியைக் கேட்டேன். செல்லும் என்றாள். போனில் பேச எனக்கு வியர்த்துவிட்டது. முகம் தெரியாமல் அந்த மொழி இன்னும் வேகமாக ஓடுகிறது.

வகுப்பில் என் பக்கத்தில் ஒரு தச்சர். வேறு ஏதோ நாட்டுக்காரர். எனக்கும் அவருக்கும் பொதுவாக முப்பது வார்த்தை இருந்தால் அதிகம். இடைவேளையில் எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். அவருடைய விரல் ஒன்று பாதிதான் இருக்கிறது. ரம்பம் என்று வாயால் சத்தம் போட்டுக் காட்டினார். நான் என் கால்முட்டித் தழும்பைக் காட்டி, "மாணவர், பிரேக்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

இரண்டு மாதத்தில் நான் சொல்லி ஒருத்தர் சிரித்தது இதுதான் முதல் தடவை.

மார்ச் 4, செவ்வாய்

கடிதம் வரவேயில்லை. இன்று தபால்காரர் வரும் நேரம் பார்த்துக் கீழே நின்று கேட்டேன். அவர் பெட்டியைக் காட்டினார். எங்கள் பெட்டியில் இரண்டு பெயர்தான் ஒட்டியிருக்கிறது: அவள் பெயர், பெண் பெயர். பெயர் இல்லாதவருக்கு வந்தால் போடக்கூடாதாம். திருப்பி அனுப்பிவிட்டாராம். அவர் சொன்ன மாதிரியில் ஒரு கோபமும் இல்லை. இங்கே அப்படி ஒருவர் இல்லையே என்றார். இருக்கிறேனே என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

மேலே வந்து காகிதத்தில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, கத்தரித்து, டேப் போட்டு மூன்றாவதாக ஒட்டினேன். அவர்கள் பெயர் அச்சில் இருக்கிறது. என்னுடையது பால்பாயிண்ட் பேனாவில்.

சாயங்காலம் அவள் வந்ததும் முதல் வேலையாகக் கேட்டாள். "பெட்டியில நீங்களா ஒட்டினீங்க? ஐயோ, இதை நானே பண்ணியிருக்கணும். எனக்குத் தோணவே இல்லை பாருங்க." முகமெல்லாம் சந்தோஷம். பெண்ணையும் கூப்பிட்டுச் சொன்னாள். இன்றைக்கு அவளே சமைத்தாள்.

என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

மார்ச் 10, திங்கள்

கணக்கு ஆரம்பித்தாகிவிட்டது.

நூலகத்தில் கேட்டு இன்னொரு கடிதம் அனுப்பச் சொல்லி, அது பெட்டிக்கு வந்து, அதை எடுத்துக்கொண்டு போனேன். அதே ஸ்கார்ஃப்காரி. என் குடையைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள்.

தொழில் என்ன என்றாள். டிரைவிங் சொல்லிக் கொடுத்தேன் என்றேன். இப்போது? இப்போது... அவள் திரையை என் பக்கம் திருப்பி, இருக்கிற வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். மாணவர் இல்லை. ஓய்வு பெற்றவர் இல்லை. கடைசியில் அவளே ஒரு வரியில் விரலை வைத்தாள். என்னவென்று போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். "இல்லத்தரசி" என்று வந்தது.

சரி, போடுங்கள். அரசி என்றாவது ஒருத்தர் சொன்னார்களே.

தமிழில்தான் கையெழுத்துப் போடுவேன். பாஸ்போர்ட்டிலும் அதுதான். அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் ஒப்பிட்டாள். பிறகு, இதில் எந்தப் பக்கம் மேலே என்று கேட்டாள். சொன்னேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

கிளம்பும்போது கை கொடுத்து, "வரவேற்கிறோம்" என்றாள். வேலைக்காகச் சொல்கிற வார்த்தைதான். வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். போவதற்காகக் கணக்கு ஆரம்பிக்கிறவனிடம் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

மார்ச் 19, புதன்

கார்டு வந்தது. என் பெயர் புடைப்பு எழுத்தில். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் தெரிகிறது. கூட்டாளியும் பணம் அனுப்பிவிட்டான்.

முனைக்கடைக்குப் போனேன். பிளேடு வாங்கினேன். டீ வாங்கினேன். வாசலில் நின்று குடித்தேன்.

போன் பையிலேயே இருந்தது. சத்தமே இல்லை. முழுக் கோப்பையையும் குடித்து முடித்தேன். யாரும் கேட்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஏப்ரல் 17. போக மட்டும்.

இதற்குப் பிறகு என்ன எழுதுவது?

மார்ச் 30, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன்.

அவள் மதிய ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பெண் அறையிலிருந்து டேப்லெட்டோடு வந்தாள். நான் வந்த புதிதில் அவள்தான் எனக்கு மின்னஞ்சல் வைத்துக் கொடுத்தாள். அது இந்த டேப்லெட்டிலும் திறந்தே இருக்கிறது. எனக்கு எங்கே தெரியும் அதெல்லாம்?

"அப்பா, டிக்கெட் வந்திருக்கு."

கையிலிருந்த துண்டை மறுபடி மடித்தேன்.

"ரிட்டர்ன் போடலையாப்பா?"

"அது... அப்புறம் போட்டுக்கலாம்னு."

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லணும்."

சரி என்று தலையாட்டினாள். உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. மடித்து வைத்த துணி அடுக்கை ஒரு தள்ளு தள்ளினாள். எல்லாம் தரையில்.

"நீ ஏம்ப்பா இப்படிப் பண்றே? மூணு வருஷமா கிளாஸ்ல எல்லார்கிட்டயும் எங்கப்பா வருவாரு, வருவாருன்னு சொல்லிட்டிருந்தேன். ஒருத்தியும் நம்பலை. பிரிஞ்சுட்டாங்க போல, மறைக்கறான்னு பேசினாங்க. நீ வந்தப்புறம்தான் வாயை மூடினாங்க. இப்ப நான் போய் என்ன சொல்றது? வந்தாரு, பிடிக்கலை, போயிட்டாருன்னா?"

"உன்னைப் பிடிக்காம இல்லடா..."

"பேசாதே!"

கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தரையில் உட்கார்ந்து திரும்ப முதலிலிருந்து மடித்தேன். அவளுடைய ஒரு காலுறைக்கு ஜோடி கிடைக்கவில்லை. வீடு முழுக்கத் தேடினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை எனக்கு.

ஏப்ரல் 1, செவ்வாய்

நேற்று அவளுக்கு இரவு டியூட்டி. காலையில் திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். வீட்டுக்குள் வைத்துச் சொல்ல தைரியம் வரவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கினவள் என்னைப் பார்த்ததும் பதறிவிட்டாள். "என்னங்க, இங்க வந்து நிக்கறீங்க? அவளுக்கு ஏதாவது..."

"அவளுக்கு ஒண்ணுமில்லை. நான் ஊருக்குப் போறேன். டிக்கெட் எடுத்துட்டேன்."

அவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றி விரல்களை நீவிவிட்டுக்கொண்டாள். இரவெல்லாம் நின்ற கால், வீங்கியிருந்தது.

"எப்ப?"

"பதினேழாம் தேதி."

"எந்தக் கார்டுல எடுத்தீங்க?"

அதையா முதலில் கேட்பாள்? ஆனால் கேட்டாள். "தனியா ஒரு கணக்கு ஆரம்பிச்சேன். போன மாசம்."

கொஞ்ச நேரம் எதிரே ஒரு கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப, தபால் பெட்டியில பேர் ஒட்டினீங்களே... அது இதுக்குத்தானா? நான் ஆளே இங்க ஒட்டிக்கிட்டாருன்னு நினைச்சேன்."

அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அழவில்லை.

"நான் உங்களைக் கேட்கவே இல்லை இல்ல? வர்றீங்களான்னு. ஸ்கூலைக் கொடுத்துட்டு வந்துடுங்கன்னுதான் சொன்னேன்."

"ஆமா."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"வரேன்னுதான் சொல்லியிருப்பேன்."

"அப்புறம் என்ன?"

"கேட்டிருக்கலாம்ல?"

அவள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஷூவை மாட்டினாள். மாட்டிக்கொண்டே, குனிந்தபடி சொன்னாள். "நான் கிளம்பினப்ப வாசல்ல நின்னு போயிட்டு வரேன்னு சொன்னேன். வரலை. என்மேலதான் தப்பு, இல்லேங்கலை. ஆனா சொல்லவாவது சொன்னேன். நீங்க போறேன்னு சொல்றீங்க. வீட்டை விட்டுக் கிளம்பறவங்க யாராவது அப்படிச் சொல்லுவாங்களா?"

நான் என்ன வார்த்தை சொன்னேன் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு நடந்தோம். அவள் பை கனமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன். கொடுத்தாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

டிக்கெட்டை ரத்து செய்யட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டாள். "எனக்காக இருந்தீங்கன்னா, அதை நான் தினம் பார்க்கணும்."

பெண் பேசவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

விமான நிலையத்தில். இருவரும் வந்து விட்டுவிட்டுப் போனார்கள். பெண் கடைசியில், "அங்க வெயில் அதிகம், தண்ணி குடிங்க" என்றாள்.

அவள் அம்மா காத்துக்கொண்டு நின்றாள். எதற்கென்று தெரியும். வாய் வரைக்கும் வந்தது. பொய் சொல்லக் கூடாதே என்று நினைத்து, "சரி, கிளம்பறேன்" என்றேன்.

ஏப்ரல் 21, திங்கள்

வீட்டில் வாடகைக்கு ஆள் இருக்கிறது. ஸ்கூல் மாடியறையில் தங்கியிருக்கிறேன்.

கூட்டாளி கட்டிப் பிடித்துக்கொண்டான். ஆபீஸுக்கு ஏசி போட்டிருக்கிறான். என் மேஜை இருந்த இடத்தில் புது சோபா. காலையில் ஒரு அம்மாவுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் காலுக்கடியில் என் பிரேக்கை உணர்ந்தபோது, அடடா! அந்த அம்மா ரவுண்டானாவில் இரண்டு கையையும் விட்டுவிட்டு "கடவுளே" என்றார். "கடவுளுக்கு லைசென்ஸ் இல்லைம்மா, நீங்களே ஓட்டுங்க" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கே என் குரல் கேட்டது.

ஆனால் சாயங்காலம் ஸ்கூலைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். வழியில் பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஒரே கேள்வி. "எப்ப திரும்பறே?"

மே 3, சனி

அவள் ஒருநாள் விட்டு ஒருநாள் பேசுகிறாள். சாப்பாடு, தூக்கம், வெயில். திரும்பி வருவதைப் பற்றி அவளும் கேட்பதில்லை, நானும் பேசுவதில்லை. செத்த சிம்முக்குப் பதில் அதே நம்பரில் புது சிம் வாங்கிவிட்டேன். அதில் பேச வேண்டியவர்கள் யாரும் இந்த ஊரில் இல்லை.

மே 8, வியாழன்

மத்தியானம் பெண்ணிடமிருந்து அழைப்பு. நான் கிளம்பி வந்தபின் அவளாக என்னைக் கூப்பிடுவது இதுதான் முதல் முறை. எடுத்தால் ஒரே அழுகை.

"சைக்கிள்ல விழுந்துட்டேன். முட்டி கிழிஞ்சிருக்கு. ரத்தம் நிக்கலை. அம்மாகிட்ட சொல்லாதப்பா, சைக்கிள் வேணாம்னு ரெண்டு தடவை சொல்லுச்சு, நான்தான் கேட்காம ஃப்ரெண்டோடதை எடுத்தேன்."

"காலை மடக்க முடியுதா?"

"முடியுது."

"சரி, எலும்புக்கு ஒண்ணுமில்லை. குழாய்த் தண்ணியில கழுவு. எரியும். எரியட்டும், கழுவிக்கிட்டே இரு. நான் லைன்லயே இருக்கேன்."

கழுவினாள். கத்தினாள். என்னையும் சைக்கிளையும் சேர்த்துத் திட்டினாள். துணி வைத்து அழுத்தச் சொன்னேன். அழுத்திக்கொண்டே பேசிக்கொண்டிருந்தோம். தச்சர் என்னைத் தேடி வீடு வரைக்கும் வந்து, சைகையிலேயே விசாரித்தாராம். அதைச் சொல்லிச் சிரித்தாள். கால்மணி நேரத்தில் ரத்தம் நின்றது.

வீட்டிலேயே ஒரு நர்ஸ் இருக்கிறாள். அவளை விட்டுவிட்டு, கடலுக்கு இந்தப் பக்கம் கிடக்கிற என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.



மே 9, வெள்ளி

அவளைக் கூப்பிட்டேன். டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"வரேன்" என்றேன்.

அந்தப் பக்கம் சாவிக்கொத்து மேஜையில் விழும் சத்தம் கேட்டது. "யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தலை."

"தெரியும். யாரும் கேட்கவும் இல்லை. நானாத்தான் சொல்றேன்."

"டிக்கெட்?"

"இனிமேதான். உங்கிட்ட சொல்லிட்டு எடுக்கலாம்னு."

சாவியை மறுபடி எடுக்கிற சத்தம். பிறகு, "ஜன்னல் சீட்டா பார்த்து எடுங்க" என்றாள்.

மே 22, வியாழன்

வந்து ஒரு வாரம். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். பகலில் அதே ஜன்னல், அதே ஃப்ரிட்ஜ். நேற்று அவளும் நானும் சண்டை போட்டோம். அவள் மனசில் இருந்ததெல்லாம் வந்தது. என் மனசில் இருந்ததும். இரண்டும் கேட்க நன்றாக இல்லை. ஆனால் பேசினபிறகு இரண்டு பேருமே நன்றாகத் தூங்கினோம்.

தச்சருக்குத் தெரிந்தவர் மூலமாக பஸ் டெப்போவில் வேலை. வண்டிகளுக்கு உள்ளே சுத்தம் செய்கிற வேலை. திங்கட்கிழமையிலிருந்து. சம்பளம் போடக் கணக்கு இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன்.

ஜூன் 21, சனி

அவளுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். அவள் படுத்து நான் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரிக்கு நானே போன் போட்டு லீவு சொன்னேன். பேசினதில் பாதி தப்பு. புரிந்துகொண்டார்கள்.

சோற்றைக் குழைய வடித்துக்கொண்டிருந்தேன். பெண் வந்து எட்டிப் பார்த்து, "இவ்வளவு தண்ணி யாராவது ஊத்துவாங்களா? தள்ளுப்பா நீ" என்றாள். காய்ச்சல்காரிக்கு இப்படித்தான் வேண்டும் என்றேன். அம்மாவுக்கு இது பிடிக்காது என்றாள். உனக்கு என்னடி தெரியும், உன்னைவிட அவளை எனக்கு அதிக நாளாகத் தெரியும் என்றேன். மூணு வருஷம் கூட இருந்தது யாரு என்றாள். கரண்டியைப் பிடுங்கினாள். நான் விடவில்லை.

உள்ளேயிருந்து ஒரு குரல்: "ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா? தலை வெடிக்குது!"

இப்போதுதான் உட்கார்ந்தேன். டெப்போ, வகுப்பு, கடை என்று ஒரு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, இன்றைக்காவது விவரமாக எழுதலாம் என்று பார்த்தால் அடுப்பில் பால் பொங்குகிறது. பெண்ணிடம் அடுப்பை அணைக்கச் சொன்னால், "நீதானே வெச்சே, நீயே போய் அணை" என்கிறாள். இந்தப் பெண்ணோடு மாரடிக்க என்னால் முடியாது.